மரம் வடிவா வரும், பேர் பொருந்துதோ?

கம்பஸில புரொஜெக்ட் செய்யிற பெடியள் கனபேர் ஆர் (R) எண்ட புள்ளிவிபர சொஃப்ட்வெயாரில கூர்ப்பு மரம், அதாவது எந்த இனம் எதிலயிருந்து பிரிஞ்சது எண்டு காட்டுற படம், கீற உதவி கேக்கினம், முதல் கேள்வியே கலர் எப்பிடிப் போடுறது எண்டுதான். கலர் கடைசி வேலை ராசா.

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில நிக்கிற பறவையளின்ர கால் நீளத்தையும் அதுகள் இரை தேடுற தண்ணியின்ர ஆழத்தையும் எக்செலில போட்டுக் கோடு கீறினா நல்ல பி வலியு (இது தற்செயலா வந்திருக்குமோ எண்டு பாக்கிற எண்) வரும், எல்லாருக்கும் சந்தோசம். ஆனா கொக்கு நாலைஞ்சு வகையும் ஒரே பாட்டனிட்ட வாங்கின நீளக்காலோட நிக்கேக்க அதை நாலைஞ்சு தனிச் சாட்சியா எண்ண ஏலாது. 1985இல கூர்ப்பு ஆய்வாளர் ஃபெல்சன்ஸ்டைன் சொன்னது இதைத்தான், இனங்களை அப்பிடியே எடுக்காம மரம் பிரியிற ஒவ்வொரு இடத்திலயும் ரெண்டு பக்கத்துக்குமான வித்தியாசத்தை எடு எண்டு. ஆரின்ர ஏப் (ape) பக்கேஜில பிக் (pic) எண்டு அடிச்சா அந்தக் கணக்கு ஓடும். இப்ப கனபேர் பிஜிஎல்எஸ் (PGLS), அதாவது மரத்தின்ர சொந்தத்தையும் கணக்கில எடுத்துக் கோடு கீறுற முறைதான் பாவிக்கினம், பேகலின்ர லம்டாவும் (சொந்தம் எவ்வளவு தாக்குது எண்டு காட்டுற எண்) அதோடயே வரும். அது ரெசிடுவலின்ர (கோட்டில அடங்காத மிச்சத்தின்ர) லம்டா, கால் நீளத்தின்ர இல்லை, தீசிஸில மாத்தி எழுதிப்போடாதேங்கோ.

பூநாரையைக் கொக்குக்குப் பக்கத்தில வைக்கத்தான் மனம் சொல்லும், ஆனா டிஎன்ஏ மரத்தில அதுக்குக் கிட்டின சொந்தம் குளத்தில தாண்டு எழும்புற முக்குளிப்பான் (எனக்கு இண்டைக்கும் நம்பக் கஷ்டம்தான்). அப்ப அந்தக் கால் மட்டும் தனிச் சாட்சி.

சரி, பேருக்கு வருவம். மரத்தில இனத்தின்ர விஞ்ஞானப் பேருக்கு நடுவில அண்டர்ஸ்கோர் கிடக்கும், உங்கட ஷீட்டில ஸ்பேஸ், அதால ரெண்டும் பொருந்தாது. பெரிய ஆலா பழைய பட்டியலில ஸ்டெர்னா காஸ்பியா, புதுசில ஹைட்ரோபுரோக்னி காஸ்பியா. கைகர் (geiger) பக்கேஜில நேம் டொட் செக் (name.check) ஓடவிட்டா எது மரத்தில மட்டும் கிடக்கு, எது டேட்டாவில மட்டும் கிடக்கு எண்டு பிரிச்சுத் தரும்.

அதைவிட மோசம் ஒழுங்கு. டிப் கலரை (கிளை நுனியில இருக்கிற பேரின்ர கலரை) ஏப் எடுக்கிறது மரத்தின்ர டிப் லேபிள் (நுனிப் பேர்) ஒழுங்கில, நீங்கள் அகரவரிசையில அடுக்கின கலரைக் குடுத்தா எரர் ஒண்டும் அடிக்காது, மரம் அந்தமாதிரி வடிவா வரும், உள்ளானின்ர கலர் போய்க் கொக்கில நிக்கும். மேட்ச் (match) எண்ட கட்டளை போட்டு ஷீட்டை டிப் லேபிள் ஒழுங்குக்கு மாத்திப்போட்டுத்தான் மற்றதெல்லாம்.

பிறகு ஃபைட்டூல்ஸ் (phytools) பக்கேஜில கொன்ட்மப் (contMap) போடுங்கோ, அது கால் நீளம் மாதிரி அளவுகளைக் கிளையில கலராக் காட்டும், உள்கிளையில தெரியிற கலர் அளந்தது இல்லை, கணிப்பு எண்டு கீழ ஒரு வரி எழுதுங்கோ. பீடிஎஃப்பா சேவ் பண்ணுங்கோ, ஸ்கிரீன்ஷொட்டை ஒட்டினா பறவையின்ர பேர் ஒண்டும் வாசிக்க ஏலாது.