தம்பியின் மாத்திரைகள்: மலையிலிருந்து ஒரு லுகேமியா சிகிச்சை

கோத்தகிரிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார், அப்பா ஃபேக்டரிக்குப் பச்சை இலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். தம்பிக்கு அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா, அதாவது ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய், என்று தெரிந்தபோது அவன் ஒன்றாம் வகுப்பு. நான் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் ஃபைலும் மாத்திரையும் என் பொறுப்புக்கு வந்தன. சிகிச்சை முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறான். இப்போது மலையிலிருந்து கோவைக்கு இறங்கி ஏறும் வேறு குடும்பங்கள் போன் பண்ணிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விட்டு விட்டுக் காய்ச்சல், கால் வலி, எங்கேயும் விழாமலே தொடையில் நீலத் திட்டுகள். இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு கிளினிக்கில் சத்துக்குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்துப் பார்த்த டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "இன்றைக்கே கோவைக்குக் கிளம்புங்கள்" என்றார். அங்கே இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது லுகேமியா, அதிலும் ஏ.எல்.எல். நன்றாகக் குணமாகக்கூடிய வகையும் அதுதான் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அன்று ராத்திரி உட்கார்ந்திருந்தோம்.

செலவு விஷயம் சுருக்கமாக. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். அட்டை இல்லாதவர்கள் நோய் வரும் வரை காத்திருக்காமல் எடுத்து வையுங்கள். பஸ், வாடகை, சாப்பாடு எல்லாம் கைக்காசுதான்.

முதல் மாதம் ஆஸ்பத்திரியிலேயே போனது. ஸ்டீராய்டு மாத்திரை, வின்கிரிஸ்டின், அஸ்பரஜினேஸ், முதுகு வழியாக மெத்தோட்ரெக்ஸேட் ஊசி. நோய் செல்கள் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் போய் ஒளிந்துகொள்ளும், சாதாரண ஊசி மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது, அதனால்தான் முதுகில் போடுகிறோம் என்றார்கள். ஸ்டீராய்டு வந்ததும் தம்பிக்குப் பசி அடங்கவே இல்லை. நடு ராத்திரி எழுந்து புளிச்சோறு கேட்டு அழுவான். முகம் உப்பி, கோபம் கோபமாக வரும். மாத்திரை நின்றதும் எல்லாம் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

வின்கிரிஸ்டின் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிற மருந்து. நான் படித்த பாடத்தில் இருந்ததுதான், ஆனாலும் தம்பி கையில் அது ஏறும்போது பார்த்தது வேறு. உறவினர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் இலையைக் கஷாயம் போட்டுக் கொடுக்கலாமே என்றார். தயவு செய்து யாரும் செய்யாதீர்கள். டன் கணக்கில் காய்ந்த இலையிலிருந்து கிராம் கணக்கில்தான் அந்த மருந்து கிடைக்கும். இலையில் நச்சுப் பொருள்களும் இருக்கின்றன.

மாதக் கடைசியில் மஜ்ஜை சோதனை நன்றாக வந்தது. மைக்ரோஸ்கோப்பில் நோய் தெரியவில்லை. முடி முளைக்க ஆரம்பித்தது, ஓடி விளையாடினான். அப்புறமும் சில மாதங்கள் கடுமையான ஊசிகள் இருந்தன. அவையும் முடிந்து, வீட்டிலேயே மாத்திரை சாப்பிடும் மெயின்டனன்ஸ் காலம் தொடங்கியது. என்னைக் கேட்டால் மொத்தச் சிகிச்சையில் குடும்பத்தின் கையில் இருக்கும் பகுதி இதுதான், கைவிடத் தோன்றுவதும் இங்கேதான். "பையன் நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு அந்த விஷத்தைக் கொடுக்கிறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. அப்பாவுக்கே ஒரு கட்டத்தில் அந்த எண்ணம் வந்தது.

டாக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி நோய் செல்கள் இருக்கும். முதல் மாத மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அழிந்தாலும் ஆயிரம் கோடி மிச்சம். அந்த ஆயிரம் கோடியும் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் சிக்காமல் போகலாம். பத்தாயிரம் செல்லில் ஒன்று இருந்தாலும் காட்டும் எம்.ஆர்.டி. என்ற சோதனை இருக்கிறது. அதிலும் இல்லை என்று வந்தாலும் மாத்திரையை நிறுத்துவதில்லை. அம்மா உடனே, "புல்லை மேலோட அறுத்தா வேர் கிடக்கும்ல" என்றார். அதற்கு மேல் வீட்டில் யாரும் வாதாடவில்லை.

தினமும் இரவு மெர்காப்டோபூரின் மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட். நடுநடுவே கோவைக்குப் போய் வின்கிரிஸ்டினும் முதுகு ஊசியும். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தெரியாமல் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் அதைத் தனி டப்பாவில் போட்டு, மூடியில் 'புதன் மட்டும்' என்று பெரிதாக எழுதி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மெர்காப்டோபூரின் 50 மில்லிகிராம் மாத்திரை. சில நாள் முழுசு, சில நாள் பாதி. கையுறை போட்டு, மாத்திரைக்கென்றே வைத்த கட்டரில் வெட்டி, மீதிப் பாதியை அதே அட்டையில் திருப்பி வைப்பேன். கொடுத்து முடித்ததும் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளின் மூலையில் நேரத்தை எழுதுவேன். தாளைக் கிழிப்பது மறுநாள் காலையில் அப்பாவின் வேலை. நேரம் எழுதாத தாள் என்றால் கிழிக்கும்போதே கேட்டுவிடுவார்.

இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் நான் படித்த ஓர் ஆய்வு. ஸ்மிதா பாட்டியா என்ற மருத்துவ விஞ்ஞானியும் அவருடைய குழுவும் அமெரிக்காவில் மாத்திரைப் புட்டியின் மூடியில் மின்னணுச் சில்லு வைத்து, எந்தெந்த நாள் புட்டி திறக்கப்பட்டது என்று கணக்கெடுத்தார்கள். 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரையை 95 சதவீதத்துக்கும் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடியது. நூறு நாளில் ஆறு நாள் தவறினாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறோம்.

இந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றியும் தேடிப் படித்தேன். மெர்காப்டோபூரினை உருவாக்கியவர் கெர்ட்ரூட் எலியன். பெண் என்பதற்காக ஆய்வகங்களில் வேலை மறுக்கப்பட்டவர், முனைவர் பட்டம் முடிக்காதவர். 1953-ல் அவருடைய மருந்து புழக்கத்துக்கு வந்தது, 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. மெத்தோட்ரெக்ஸேட்டின் கதை நம் ஊரைத் தொட்டுப் போகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளை உருவாக்கும் குழுவை நடத்தினார். அவற்றில் அமினோப்டெரின் என்ற ஒன்றை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுகேமியா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் அடங்கியது. அதுவரை எதற்கும் அடங்காத நோய் அது. அதே குடும்பத்தில் வந்த மெத்தோட்ரெக்ஸேட்தான் எங்கள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.

தம்பிக்கு மெர்காப்டோபூரின் ஆரம்பித்ததுமே வெள்ளையணுக்கள் சரசரவென்று இறங்கின. சிலருக்கு இந்த மருந்தை உடைக்கிற என்சைம் மரபிலேயே பலவீனமாக இருக்கும் என்றார் டாக்டர். என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் வரும் அந்த மாற்றத்தை 2014-ல் கொரிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆசியர்களிடம் அது அதிகம். மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடங்கியதும் சரியானது. ரத்த ரிப்போர்ட் இல்லாமல் நாமாக நிறுத்தவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம் காய்ச்சல். வெள்ளையணு குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி வந்தால், குழந்தை சிரித்துக்கொண்டு இருந்தாலும் அவசரம்தான். தாமதிக்காமல், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாக ஏற வேண்டும். இங்கிருந்து கோவை ஆஸ்பத்திரிக்கு அந்த நேரத்தில் போய்ச் சேரவே முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழும், மண் சரியும். இறங்கும் வழியில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ நேரத்தில் ராத்திரி யானை நிற்கும். அதனால் கோவை டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினோம். நோய் என்ன, எந்த ஆன்டிபயாட்டிக், எவ்வளவு, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அதை முன்கூட்டியே உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, அந்த மருந்து இருப்பில் இருக்கிறதா என்றும் கேட்டு வைத்தோம். ஒரு மழை ராத்திரி அவனுக்கு 101 வந்தபோது முதல் டோஸ் இங்கேயே ஏறியது. மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டிருந்ததால் குன்னூர், பர்லியார் வழியாக இறங்கினோம். கீழே இருந்த டாக்டர் முதலில் கேட்டதே, "முதல் ஊசி எத்தனை மணிக்குப் போட்டாங்க?" என்பதுதான். கடிதத்தின் பின்பக்கம் நர்ஸ் அக்கா நேரம் எழுதியிருந்தார்.

அம்மாவுக்கு வேறொரு வேதனை இருந்தது. தம்பி வயிற்றில் இருந்தபோது பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் வேலை செய்ததால்தான் வந்ததோ என்று. டாக்டர் மழுப்பவில்லை. ஒரு குழந்தைக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் காட்ட முடியாது என்றார். லண்டனில் மெல் கிரீவ்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு, லுகேமியா வந்த பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் குதிகாலில் எடுத்துக் காயவைத்த ரத்தப் பொட்டுகளைத் தேடிச் சோதித்தது. பலருக்கு நோயின் முதல் மரபணு மாற்றம் பிறக்கும்போதே இருந்தது. ஆனால் அந்த மாற்றத்தோடு பிறக்கும் மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் வருவதே இல்லை. பிறந்த பிறகு இன்னும் சில மாற்றங்கள் சேர்ந்தால்தான் வரும். நான் இதைத் தமிழில் சொன்னேன். அம்மா மறுபடி மறுபடி கேட்டார், மறுபடி மறுபடி சொன்னேன். முழுசாக ஆறுதல் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தூங்கினார்.

இப்போது மாத்திரை இல்லை, ரத்தப் பரிசோதனை மட்டும். சிகிச்சை நின்ற முதல் சில வருடங்களில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால் தேதி தவறாமல் போகிறோம். சில ஊசிகள் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். விட்டுப்போன தடுப்பூசிகளை டாக்டர் சொல்லும் மாதத்தில் போட வேண்டும். மிஞ்சிய மெர்காப்டோபூரின் அட்டைகளை ஆஸ்பத்திரி ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நீங்களும் அவற்றைக் குப்பையில் போடாமல், முதலில் ஃபார்மசியில் கேளுங்கள்.