ஜேசிபி வருவதற்கு முன்னால்

சென்னையில் பழைய தனி வீட்டை இடிக்கப் பல நேரம் வீட்டுக்காரர் காசு கொடுப்பதில்லை. இடிப்பவர்தான் வீட்டுக்காரருக்குக் கொடுப்பார். கதவு, ஜன்னல், நிலை, கிரில், கம்பி, செங்கல் எல்லாம் அவருக்கு. அதை விற்றுத்தான் அவருக்குக் கூலியும் லாபமும். மறுபயன்பாடு என்று கருத்தரங்குகளில் பேசுவதை இந்த ஆட்கள் யாரும் சொல்லித்தராமலே ரொம்ப காலமாகச் செய்துவருகிறார்கள். அதைக் கெடுப்பது அவசரம். வாடகை வீட்டில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் அவசரம், பில்டருக்கும் அவசரம். ஜேசிபியை இறக்கினால் சில நாளில் மனை காலி. ஆனால் செங்கல், மரம், ஒயர், கண்ணாடி எல்லாம் கலந்து ஒரே ரப்பிஷ் குவியல்.

மாம்பலம், சைதாப்பேட்டை பக்கம் சின்ன வீடுகள் கட்டிக்கொடுக்கும் சிவில் இன்ஜினியர் நான். போன வருடம் மேற்கு மாம்பலத்தில் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட வீடு ஒன்று வந்தது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய அச்சுக்கல்லைச் சாய்வாக, குத்துவாட்டில் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியில் தட்டையான ஓடு ஒட்டும் பழைய முறை. மேலிருந்து இதே வரிசையைத் தலைகீழாகப் பிரித்தால் கட்டைகள் முழுசாக இறங்கும். மெஷினை விட்டால் பாதிக்கு மேல் பிளந்துவிடும்.

அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவர் நிழலில் உட்கார்ந்து சுவர்ச் செங்கல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கொத்துக்கரண்டியின் விளிம்பால் இரண்டு தட்டு, ஒரு சுரண்டல். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்து கல் தனியாக வந்தது. பின்பக்கம் எண்பதுகளில் சேர்த்துக் கட்டிய சமையலறைச் சுவரின் கல் ஒன்றை எடுத்துத் தட்டச் சொன்னேன். மூலையோடு பெயர்ந்தது. "சுண்ணாம்பு விட்டுக் கொடுக்கும், மேடம். சிமென்ட் கல்லையும் சேத்து இழுத்துட்டுத்தான் போகும்" என்றார். சிமென்ட் கலவை பிடித்த செங்கல்லில் முழுசாகத் தேறுவது கொஞ்சம்தான். நாம் இன்று கட்டும் வீடுகளைப் பிரிக்கப்போகிறவர்கள் பாவம்.

முழுக் கற்களில் ஒரு பகுதி அதே மனையின் காம்பவுண்டுச் சுவருக்குப் போயிற்று. உடைந்தவற்றைச் செங்கல் ஜல்லியாக்கி மொட்டைமாடியில் வெயில், மழை தாங்கப் போடும் வெதரிங் கோர்ஸுக்கு வைத்துக்கொண்டோம். பேஸ்மட்டம் நிரப்ப இடிபாட்டைப் போடுவதும் உண்டு; ஆனால் மரத்துண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. பின்னாலேயே கரையான் வரும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், நனைத்து, தனியாக இறக்க வேண்டும். இதில் மட்டும் நான் யாரிடமும் பேரம் பேசுவதில்லை.

கட்டட இடிபாட்டுக் கழிவுகளுக்கான மத்திய அரசின் 2016 விதிகள் ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு வந்தால் காங்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-கலவை என்று பிரித்து வைக்கச் சொல்லின. அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு என்று நினைப்பவர்கள் ஜேசிபி வேலை நடக்கும் நாளில் தெருமுனையில் நின்று பார்க்கட்டும்: இரண்டு டிப்பர் நிறையப் போனாலே 20 டன்னைத் தொட்டுவிடும். 2026 ஏப்ரல் முதலான புதிய விதிகள் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களின் தலையில்தான் பெரிய பொறுப்பை வைக்கின்றன. நம்ம கிரவுண்டு, அரை கிரவுண்டு வீடுகள் அந்தக் கணக்கில் வராது. இவற்றின் குப்பை எங்கே போகிறது என்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாகப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சிக்கு மறுசுழற்சி ஆலைகள் உண்டு. காங்கிரீட்டை உடைத்துக் கிடைக்கும் ஜல்லியை எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி காங்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்க ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 383 இடம் கொடுக்கிறது, கம்பியில்லாததில் 25. இதைச் சொன்னால் வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்: "என் வீட்டுக்குப் பழைய ஜல்லியா?" அடித்தளத்துக்குக் கீழே போடும் பிசிசியில், அதாவது கம்பியில்லாத காங்கிரீட்டில், ஆரம்பிக்கலாம் என்றால் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

புதுக் கட்டடத்திலும் வீணாவது கொஞ்சமில்லை. பூச்சு வேலையின்போது சுவரடியில் தார்ப்பாய் விரித்தால் கீழே விழும் கலவையை உடனே அள்ளித் திரும்பப் பூசலாம். விரிக்கச் சொல்லி நாம் நச்சரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்விட்ச் எங்கே என்று சுவர் எழும்புவதற்கு முன்பே முடிவு செய்தால், பூசிய சுவரில் காடி வெட்டி மறுபடி அடைக்கும் கூத்து இல்லை.

இப்போது இடிப்பு ஒப்பந்தத்தில் நான் இரண்டு வரி சேர்த்துவிடுகிறேன். கூரையும் மரவேலையும் கையால் பிரித்த பிறகுதான் மெஷின். காங்கிரீட், செங்கல், மண் மூன்றும் தனித்தனி லோடு. இதனால் இடிப்பவர் கொடுக்கும் தொகை கொஞ்சம் குறையும், நாள் கூடும். மாம்பலம் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். பழைய வாசற்கதவு அவருக்கே வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம்.

அடுத்தது அசோக் நகரில் எண்பதுகளில் கட்டிய வீடு. முழுக்க சிமென்ட், காங்கிரீட் தளம். செங்கல் அதிகம் தேறாது, கம்பியும் கிரில்லும்தான் காசு. காங்கிரீட்டைத் தனியாக ஏற்றிப் பெருங்குடிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த லோடுக்கு வண்டி வாடகை யார் கொடுப்பது என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.