பள்ளிபாளையம் சிக்கன்: மிளகாய் ஒருவழியாக வசப்பட்டது

இந்த ஞாயிற்றுக்கிழமை பதம் கைக்கு வந்துவிட்டது. தட்டின் ஓரத்தில் எண்ணெய் செக்கச்செவேல் என்று பிரிந்து நின்றது. மிளகாய்த் தோல் கருகாமல் துவண்டு கிடந்தது. மென்றால் துளி கசப்பு இல்லை. வீட்டு அடுப்பில் பள்ளிபாளையம் சிக்கனை இந்தப் பக்குவத்தில் இறக்க வேண்டும் என்று பல மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவைத்துவிடுகிறேன்.

நம் பக்கம் சரியாகக் கிடைக்காத ஒரு அயிட்டத்தைத் தேடிப்போய் மெஸ்ஸிலும் சின்னக் கடைகளிலும் சாப்பிடுவேன். பிடித்துவிட்டால் அதே ருசி வரும்வரை வீட்டில் செய்து பார்ப்பேன். வார இறுதிகள் இப்படித்தான் போகின்றன. கரூரில் ரயில் ஏறினால் கொடுமுடி வழியாக ஈரோடு, அங்கிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். மாவட்டம் நாமக்கல் என்றாலும் போக்குவரத்தெல்லாம் ஈரோட்டோடுதான். விசைத்தறி ஊர். தறிச்சத்தம் காதில் விழும் தூரத்திலேயே சாப்பாட்டுக் கடைகள் உண்டு.

சாமான்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். கோழி, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்க் கீற்று, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். இஞ்சி பூண்டு சேர்ப்பவர்கள் உண்டு, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மல்லித்தூள், கரம் மசாலா, தக்காளி உள்ளே வந்தால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1960-ல் ஈரோட்டில் ஆரம்பித்த ஜூனியர் குப்பண்ணா போன்ற கடைகள் கொங்குச் சமையலைச் சென்னைவரை கொண்டுபோய்விட்டன. நல்லதுதான். ஆனால் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி என்று நிறுத்திக்கொண்ட கடைகளும் இருக்கின்றன. போன வருஷம் ஒரு பெரிய ஊரில், பளபளவென்று இருந்த ஒரு ரெஸ்டாரன்டில் ஆர்டர் செய்தேன். கார்ன்ஃப்ளவரில் முக்கிப் பொரித்த எலும்பில்லாத கறி, மேலே சிவப்பு சாஸ், அதற்கும் மேலே உலர்ந்த தேங்காய்த் துருவல் வந்தது. இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக இருக்கிறது. எட்டே சாமானில் நிற்கிற பதார்த்தம் இது, ஒன்றைக் கூட்டினாலே ஆட்டம் கண்டுவிடும்.

கடையில் தட்டு வந்ததும் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். முதலில் எண்ணெய். சிவப்பாக, தெளிவாக இருக்க வேண்டும், அடியில் தூள் படிந்திருக்கக் கூடாது. அடுத்தது தேங்காய். பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டிருக்க வேண்டும், ஓரம் மட்டும் பொன்னிறமாகி நடுவில் வெள்ளை தெரிய வேண்டும். கடைசியாக மிளகாய். விரலால் அழுத்தினால் வளைய வேண்டும். நொறுங்கினால் கருகிவிட்டது என்று அர்த்தம், சாப்பிடாமலே சொல்லிவிடலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆறு டேபிள் போட்ட ஒரு மெஸ்ஸில் இந்த மூன்றும் போகும்போதெல்லாம் சரியாக இருக்கும். கூடவே பச்சைப்புளி ரசமும் ஊற்றுவார்கள். அந்தக் காரத்துக்கு அந்த ரசத்தைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது.

சரி, மிளகாய்க்கு வருகிறேன். இந்தப் பதார்த்தத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. அரைக் கிலோ கோழிக்குப் பதினைந்து முதல் இருபது மிளகாய் விழுகிறது. விதையோடு போட்டால் யாராலும் சாப்பிட முடியாது, அதனால்தான் விதையை எடுக்கிறோம். காம்பைக் கிள்ளி, கத்தரிக்கோலால் மூன்றாக நறுக்கி, கண் பெரிய சல்லடையில் போட்டு உலுக்கினால் விதை உதிர்ந்துவிடும். பெரும்பாலான குறிப்புகள் இத்தோடு முடித்துக்கொள்கின்றன. ஆனால் காரத்தின் பெரும்பங்கு விதையில் கிடையாது, விதை ஒட்டியிருக்கும் உள்நரம்பில்தான் இருக்கிறது. துண்டைப் பிரித்துக் கரண்டிக் காம்பால் அந்த நரம்பையும் வழித்தெடுத்தால் காரம் பாதிக்குப் பாதி இறங்கிவிடும், நிறமும் மணமும் தோலில் அப்படியே இருக்கும். வேலை மெனக்கெட்டதுதான், கை எரியும், உறை போட்டுக்கொள்ளுங்கள். நரம்பு எடுத்ததையும் எடுக்காததையும் ஒரே நாளில் இரண்டு வடச்சட்டியில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்துப் பாருங்கள், வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

அடுத்தது, அதை எப்போது எண்ணெயில் போடுவது. இங்கேதான் பல மாதம் போனது. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை என்று தாளிப்பதுதான் நம் எல்லோருக்கும் கைப்பழக்கம். விதை எடுத்த வெறும் தோல் அந்தச் சூட்டில் கண்மூடித் திறப்பதற்குள் கருத்துவிடும். நெடி வீடு முழுக்க ஏறும், கசப்பு எண்ணெயில் இறங்கும். அதற்கப்புறம் அந்த எண்ணெயை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தீயைக் குறைத்தும் பார்த்தேன், வெந்நீரில் ஊறவைத்தும் பார்த்தேன். ஊறவைத்தால் கருகாது, ஆனால் தோல் கூழாகிக் கறியில் ஒட்டிக்கொள்ளும், கடையில் வருவதுபோலத் தனித்தனியாக நிற்காது.

விடை அந்த மெஸ்ஸில்தான் கிடைத்தது. மதியக் கூட்டம் கலைந்த நேரம், கல்லாவில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "எண்ணெயில மொதல்லயே போடாத கண்ணு. வெங்காயத்துல உப்பப் போட்டு வதக்கு. அது தண்ணி உடறப்ப மொளகாயப் போடோணும். தண்ணி வத்தறதுக்குள்ள செவப்பு எறங்கீரும்" என்றார்.

அவ்வளவுதான். வெங்காயம் விடும் ஈரம் இருக்கிறவரை மிளகாய்த் தோலுக்குச் சூடு மிஞ்சாது. சிவப்பும் காரமும் எண்ணெயில் கரைபவை, அதனால் அடியில் எண்ணெய் தாராளமாக இருக்க வேண்டும். நான்கைந்து நிமிடம் சின்னத் தீயில் பிரட்டினால், வெள்ளையாக இருந்த வெங்காயம் ரோஜா நிறத்துக்கு வந்து, அதன் ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகக் கசியும். அந்தக் கசிவைப் பார்த்ததும் கோழியைப் போட்டுத் தீயைக் கூட்ட வேண்டும். இதில் என் பங்காக ஒன்று சேர்த்திருக்கிறேன். நறுக்கிய தோலில் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் மூடிவைத்தேன். தோல் தொய்ந்து, பழைய தோல் செருப்பின் வார் மாதிரி வளைந்து கொடுத்தது. இந்த ஞாயிறு இரண்டையும் சேர்த்துச் செய்தேன், வந்துவிட்டது.

வெங்காயம் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். பெரிய வெங்காயம் தண்ணீரை மட்டுமீறி விடும், இனிப்பும் தட்டும். அரைக் கிலோ கோழிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம் வைக்கிறேன். முழுசாகக் கொஞ்சம், நறுக்கியது மிச்சம். தேங்காய் கால் மூடி. கறி முக்கால் பதம் வெந்ததும் போட்டால் கடிபடும். முதலிலேயே போட்டால் ரப்பராகிவிடும்.

சாமான் வாங்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மிளகாய் நீட்டு ரகம், மளிகைக் கடையில் பாக்கெட்டில் தொங்குவதை வாங்க வேண்டாம். மூட்டை பிரித்து எடைபோட்டுக் கொடுக்கும் கடையில், கையில் அள்ளிப் பார்த்து வாங்குங்கள். காம்பு பச்சை கலந்த மஞ்சளாக, தோல் பளபளப்பாக இருந்தால் இந்தப் பருவத்துச் சரக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயை ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். மணம் அபாரம், ஆனால் உருண்டையாக இருப்பதால் நரம்பு எடுப்பது பெரும்பாடு. அதைக் குழம்புக்கு வைத்துக்கொண்டேன். நிறத்துக்காக பேடகி மிளகாய் கலக்கச் சொல்கிறார்கள். கலந்தால் கண்ணுக்கு அழகு, ஆனால் அந்தச் சுள்ளென்ற காரம் போய்விடுகிறது. எனக்குத் தேவையில்லை. மஞ்சள் ஈரோட்டுக் கிழங்கை வாங்கி மெஷினில் அரைத்தது. எண்ணெய் இப்போதைக்குச் செக்குக் கடலை எண்ணெய். காங்கேயம் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் தேங்காய் எண்ணெய் ஒரு கேன் வாங்கிவரச் சொல்லலாம் என்று இருக்கிறேன். தேங்காய்க் கீற்றோடு அது இன்னும் சேரும் என்று தோன்றுகிறது.

இவ்வளவும் பிராய்லர் கோழியில் செய்தது. பிராய்லர் தானே தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரிலேயே இருபது நிமிடத்தில் வெந்துவிடும், மிளகாய் அதுவரை தாங்கும். நாட்டுக்கோழி அப்படியில்லை. முக்கால் மணி நேரம் கேட்கும், வெந்நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு நேரம் கிடந்தால் மிளகாய்த் தோல் பிய்ந்துவிடும் என்று நினைக்கிறேன். குக்கரில் தனியாக அரைவேக்காடு எடுத்து அப்புறம் வடச்சட்டியில் போடலாம், ஆனால் கறியின் சாறு குக்கர் தண்ணீரில் போய்விடும், அந்தத் தண்ணீரையும் திரும்ப ஊற்றிச் சுண்டவிட வேண்டும். இல்லையென்றால் மிளகாயை இரண்டு தவணையாகப் போடலாம். பாதி வெங்காயத்தோடு, மீதியைக் கறி வெந்தபின் தனியாக வெங்காயம் வதக்கிச் சேர்ப்பது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. மெஸ்ஸில் நாட்டுக்கோழி கேட்டால் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறார்கள். அடுத்த முறை முதல் நாளே போனில் சொல்லிவிட்டுப் போய் மிளகாய் என்ன பதத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நடுவில் வேறு ஆசைகளும் கிளம்பிவிட்டன. விருதுநகர் எண்ணெய் பரோட்டா ஒன்று. அதற்கு நடுவில் குழி விழுந்த கல் வேண்டும், வார்ப்படக் கடையில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். சேலம் தட்டுவடை செட் இன்னொன்று. அதில் தட்டுவடையைவிடச் சட்னிகளின் புளிப்புதான் பிடிபட வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டில் அம்மா சைவம், அவருக்காக இதே முறையில் காளானும் செய்ய வேண்டும். காளான் பிராய்லரைவிட அதிகமாகத் தண்ணீர் விடும். அதைத் தனியாகப் பெருந்தீயில் சுண்டவைத்துவிட்டு, சிவப்பு இறங்கிய வெங்காயத்தில் கடைசியாகப் புரட்டி எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். புதன்கிழமை செய்கிறேன்.