தங்கச்சியும் நானும்: பங்குனிக் குறிப்புகள்

பங்குனி 4, செவ்வாய்

தங்கச்சி போன் எடுத்தபோது நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குள் நின்றேன், சத்தத்தில் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் வரிசையாக மெசேஜ். "ஏன் எடுக்கேல்லை?" என்று தொடங்கி, "நான் வேண்டாமெண்டால் சொல்லுங்கோ" என்று ஏறி, கடைசியில் "சொறி அக்கா, என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ".

மாமி இதற்குக் கொழுப்பு என்று பேர் வைத்திருக்கிறா. கொழுப்பில்லை, உயிர் போகிற பயம். (அவளிடம் கேட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.)

பங்குனி 7, வெள்ளி

கிளினிக். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று டொக்டர் உறுதியாகச் சொன்னார். மனநோய்களைக் கண்டறிய டொக்டர்மார் பார்க்கும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்கு 9 அறிகுறிகள், 5 இருந்தாலே கணக்கு. கைவிட்டுவிடுவார்கள் என்ற பயம், இன்று தெய்வமாகத் தெரிந்த ஆள் நாளைக்கே எதிரியாவது, தீராத வெறுமை, தன்னையே காயப்படுத்துவது.

"பைபோலரா?" என்று கேட்டேன். அதில் அதீத உற்சாகமோ சோர்வோ நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் நிற்குமாம். இவளுக்கு மணித்தியாலத்துக்குள் மாறும், அதுவும் அநேகமாக யாரோ சொன்ன ஒரு சொல்லில் தொடங்கும். இதற்கென்றே தனிக் குளிசை கிடையாது. கூட வரும் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, ஆனால் முக்கிய வைத்தியம் பேச்சுச் சிகிச்சைதான்.

பங்குனி 8, சனி

மாமி நூல் கட்டச் சொல்கிறா. கட்டட்டும். கிளினிக் நாள் மட்டும் தவறக்கூடாது.

பங்குனி 12, புதன்

இந்த நோய்க்கான டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், தானே 17 வயதில் மனநல மருத்துவமனையில் இருந்தவர். 2011இல்தான் அதை வெளியே சொன்னார். வாசித்துக் காட்டினேன். "அப்ப இதிலயிருந்து ஆக்கள் வெளியில வந்திருக்கினம்," என்றாள். அப்புறம் வெகுநேரம் கதைக்கவில்லை.

இரவு கோபம் ஏறியபோது தானாகவே பேசினுக்குள் ஐஸ் போட்டு, மூச்சை அடக்கி முகத்தை அமிழ்த்தினாள். குளிர் பட்டால் இதயத்துடிப்பு இறங்கும், அதுவும் டிபிடியில் உள்ளதுதான். தலைமயிர் சொட்டச் சொட்ட நிமிர்ந்து, "இப்ப பரவாயில்லை," என்றாள்.

பங்குனி 15, சனி

வெளியே போனால் எத்தனை மணிக்குப் போன் எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். சொன்ன நேரத்துக்கு எடுக்கிறேன். பெரிய ஆறுதல் வார்த்தைகளைவிட இது அவளுக்கு உதவுகிறது. தாங்கமுடியாத இரவுக்கு 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அவள் போனில் பதிந்தோம்.

திங்கள் தையல்கடையில் அரைநாள் வேலை தொடங்குகிறாள். முந்தின இடத்தில் முதலாளி ஏசிய அன்றே விட்டுவிட்டு வந்தவள். "இந்த முறையும் ஏசினால்?" என்று கேட்டாள். சரி, பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே போகலாம், வேலையை விடுவதா என்று அடுத்தநாள் யோசிக்கலாம் என்று இருவருமாகப் பேசி வைத்திருக்கிறோம்.