கான்கார்ட் திராட்சை: விதை போட்டு ஒன்றரை வருடம்

நியூஜெர்சி வீட்டுக் கொல்லையில் வெண்டைக்கு அடுத்து என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் கான்கார்ட் என்ற திராட்சை ரகத்தை உருவாக்கிய எஃப்ரைம் புல் கதை கண்ணில் பட்டது. (பெயர் புல், வளர்த்தது கொடி!) 1806இல் பாஸ்டனில் பிறந்தவர். தங்க ரேக்கு அடிப்பது தொழில். 1836இல் கான்கார்ட் ஊருக்குக் குடிபோய் மண்ணில் இறங்கினார். மாசசூசெட்ஸில் உறைபனி விழுவதற்குள் பழுக்கிற திராட்சை வேண்டும் என்பதில் மனிதருக்கு ஒரே பிடிவாதம். 1843 இலையுதிர் காலத்தில் காட்டுத் திராட்சைகளைத் தோலோடு முழுசாக, இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்தார்.

நானும் செப்டம்பரில் சந்தையில் கான்கார்ட் வாங்கி அப்படியே புதைத்தேன். மூன்றாம் நாள் தொட்டியில் குழிதான் இருந்தது. அணில்.

அடுத்த தடவை விதையை மட்டும் எடுத்துக் கழுவினேன். மொத்தம் 40. ஈர டிஷ்யூவில் சுற்றி, டப்பாவில் போட்டு, மூன்று மாதம் ஃப்ரிட்ஜில். குளிர் காட்டாவிட்டால் திராட்சை விதை தூக்கம் கலையாது. "சட்னின்னு திறந்தா ஈரப் பேப்பர் இருக்கு, என்னங்க இது?" என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தும் நடந்தது. ஜனவரியில் மண்ணுக்கு மாற்றினேன், 11 முளைத்தன.

கோடையில்தான் வேடிக்கை. ஒரே குலையின் விதைகள், ஆனால் ஒன்றின் இலை போல இன்னொன்று இல்லை. ஒன்று வட்டமாக, அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல; இன்னொன்று விரல் விரித்த மாதிரி ஆழமாகப் பிளந்து. மூன்றில் சாம்பல் நோய் வந்து பிடுங்கிப் போட்டேன். மிச்சம் 8. இதில் எதுவும் கான்கார்ட் ஆகாது. விதையில் தாய்க்குணம் அப்படியே வராது. புல்லும் ஆறு வருடம் நாற்றுகளைப் பார்த்துப் பார்த்துக் கழித்து, 1849இல் தேறியது என்று வைத்துக்கொண்டது ஒரே கொடியைத்தான். அதுதான் கான்கார்ட். வாழ்நாளில் 22,000க்கும் மேல் நாற்று வளர்த்தவர் என்கிறார்கள். எனக்கு எட்டுக்கே தண்ணீர் ஊற்றி மாளவில்லை.

இந்த பிப்ரவரியில் வேறொரு சோதனை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியில் இருந்த கான்கார்ட் கொடியைக் கவாத்து செய்து குப்பையில் போட்டார். கேட்டு, பென்சில் தடிமனில் ஆறு குச்சி வாங்கி வந்தேன். மூன்று கணு விட்டு வெட்டி, ஈர மணலில் நட்டு வைத்தேன். ஐந்தில் வேர் பிடித்துவிட்டது. செலவு பூஜ்யம். விதை மாதிரி இல்லை, குச்சியில் வளர்வது அச்சு அசல் தாய்க்கொடியேதான்.

புல் எங்கே தோற்றார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. 1853இல் கண்காட்சியில் பரிசு, 1854இல் கொடி ஒன்று 5 டாலர் என்று விற்பனை. நாற்றுப் பண்ணைக்காரர்கள் ஒன்றை வாங்கிக் குச்சி குச்சியாக வெட்டிப் பெருக்கிக்கொண்டார்கள். அவரிடம் திரும்ப வாங்க யாருக்கு என்ன தேவை? 1855இல் மாநிலச் சட்டமன்றத்துக்கும் அடுத்த வருடம் மாநில செனட்டுக்கும் போனவர்; விவசாயக் குழுவிலும் இருந்தார். ஆனால் புதுக் கொடியை உருவாக்கியவருக்கு உரிமை தரும் சட்டமே அமெரிக்காவில் 1930இல்தான் வந்தது. எங்கள் மாநிலத்து வைன்லாண்டில் 1869இல் தாமஸ் வெல்ச் என்ற பல் டாக்டர் இதே பழச்சாற்றைப் புளிக்காமல் பாட்டிலில் அடைத்தார். அது பெரிய வியாபாரமானது. புல்லோ வயதான காலத்தில் ஏணியிலிருந்து விழுந்து, முதியோர் இல்லத்துக்குப் போய், 1895இல் இறந்தார். அவர் கல்லறையில் "அவர் விதைத்தார், மற்றவர்கள் அறுத்தார்கள்" என்று பொறித்திருக்கிறது.

நேற்று ஆபீஸ் நண்பர் குச்சிக் கொடியில் ஒன்று கேட்டார், கொடுத்துவிட்டேன். விதை நாற்று எட்டையும் யாருக்கும் தருவதாக இல்லை. அவை காய்க்க இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். அதற்குள் அணிலுக்கு வலை வாங்க வேண்டும்.