கொரோனா போனாலும் போகாத பயம்

2020 ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான், ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போய்விடாதே. அதை அறியாமை என்று நான் சொல்லவே மாட்டேன். எதற்குப் போனாலும் முதலில் மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுப்பார்கள், பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் வாசலில் நோட்டீஸ் ஒட்டி வீட்டைத் தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள், பிள்ளைகள் ஒரு பக்கம் நாம் ஒரு பக்கம். கிருமியைவிட அந்தத் தகரத்துக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். போதாததற்கு பஸ் கிடையாது, ஊர் விட்டு ஊர் போக இ-பாஸ் வேறு.

அப்படிப்பட்ட நேரத்தில், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் போய் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வா என்றால் எப்படி வருவாள்? ஸ்கிரீனிங் என்பதே ஒரு தொந்தரவும் இல்லாதபோது செய்துகொள்வது, அதனால் முதலில் தள்ளிப்போவதும் அதுதான். பல ஆஸ்பத்திரிகளே நிறுத்திவைத்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 41 புற்றுநோய் மையங்களைப் பற்றி 2021இல் லான்செட் ஆங்காலஜி என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2020 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்த நோயாளிகள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதம் குறைவு. எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட மையங்களில் ஸ்கிரீனிங் அடியோடு நின்றுவிட்டது, அல்லது வழக்கத்தில் கால்வாசிகூட நடக்கவில்லை. அந்த மூன்று மாதமும் வராமல் போனவர்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான், நோயோடு.

ஆனால் எல்லாத் தாமதமும் ஒன்றில்லை, இதை யாரும் அப்போது ஜனங்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி என்ற வைரஸ் அங்கே தங்கி, அதனால் புற்று வரப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், தொந்தரவு எதுவும் இல்லாதவர் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. மார்பில் கட்டி தட்டுப்படுவது அப்படியா? என் சித்திக்கு அந்த ஜூனில் குளிக்கும்போது பட்டாணி அளவில் ஒன்று கையில் பட்டது. வலியே இல்லை, அந்த வலி இல்லாததுதான் அவரை ஏமாற்றியது. "கொரோனா அடங்கட்டும்டி, எங்கே ஓடிடப் போகுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு என்று எல்லாவற்றையும் தாங்கினார். இன்றைக்கு நன்றாக இருக்கிறார், ஆனாலும் ஜூனிலேயே போயிருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாமோ என்று என் மனசு அடித்துக்கொள்ளும்.

கட்டியில் சதை எடுத்துச் செய்த பயாப்ஸி டெஸ்ட் ரிசல்ட்டுக்கு நாங்கள் காத்திருந்த அதே ஜனவரி 19ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் சாந்தா அம்மா காலமானார். புற்றுநோய் என்றாலே சாவு என்ற பயத்தைப் போக்கி, ஜனங்களை ஆரம்பத்திலேயே வரவழைக்க ஆயுள் முழுக்கப் பாடுபட்டவர். டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்துச் சித்தி அழுத அழுகை சாதாரணமில்லை.

இப்போது தகரமும் இல்லை, இ-பாஸும் இல்லை. ஆனால் அப்போது விட்டுப்போன பரிசோதனைப் பழக்கம் திரும்பவே இல்லை, என் வயதுப் பெண்களே "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். முப்பது வயதுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். நர்ஸம்மா கர்ப்பப்பை வாயில் பஞ்சால் வினிகர் மாதிரி ஒரு கரைசலைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார், லேசாக எரியும், அவ்வளவுதான். வெள்ளையாகத் தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று நினைத்து ஓடிவந்துவிடாதீர்கள், அடுத்து கருவி வைத்துப் பார்க்க அனுப்புவார்கள், சந்தேகம் இருந்தால் சதை எடுத்து டெஸ்ட் செய்வார்கள். மார்பையும் அங்கேயே பரிசோதிக்கச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமா, அக்காவையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களும் செய்திருக்க மாட்டார்கள். கட்டி ஏதாவது ஏற்கெனவே கையில் பட்டிருந்தால் மட்டும் துணைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கிளம்புங்கள்.