அறுவடைத் தபால்தலையில் ஒரு பேரரசின் உடைவு: ஆல்பம் இதுவரை

ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு வளர்ந்து உடைந்த கதையைத் தபால்தலைகளை மட்டும் வைத்து ஓர் ஆல்பமாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. பேரரசு என்றதும் விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1916 முதல் 1920 வரை மத்திய ஐரோப்பாவில் வந்த தபால்தலைகள் ஏராளமாக அச்சானவை. வியாபாரிகள் எடை போட்டு விற்கும் கலவைப் பொட்டலங்களில் இவைதான் அதிகம் கிடக்கும், சேகரிப்பவர்கள் ஒதுக்கிவிடுவதால் விலையும் சல்லிசு.

வழக்கமாக ஆல்பத்தை நாடு வாரியாக அடுக்குவார்கள். அப்படிச் செய்தால் செக்கோஸ்லோவாக்கியா ஒரு மூலையிலும் யூகோஸ்லாவியா இன்னொரு மூலையிலும் போய்விடும். உடைந்த இடம் கண்ணில் படாது. அதனால் நாட்டை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டேன்.

வளர்ச்சிப் பக்கங்கள் சீக்கிரம் முடிந்தன. ஆஸ்திரியாவின் முதல் தபால்தலைகள் 1850 ஜூன் 1 அன்று வந்தன. வியன்னாவிலும் மிலானிலும் அதே இரட்டைத் தலைக் கழுகுச் சின்னம்தான். காசு மட்டும் வேறு. வியன்னாவில் கிரொய்ட்சர், மிலானில் சென்டெசிமி. 1859இல் மிலான் இருந்த லொம்பார்டி கைவிட்டுப் போனது, 1866இல் வெனிஸும் போனது. பிரஷ்யாவிடம் தோற்ற பிறகு வேறு வழியில்லாமல் 1867இல் ஹங்கேரியைச் சம பங்காளியாக்கி உடன்பாடு செய்துகொண்டார்கள். அந்த வருடத் தபால்தலையில் நாட்டின் பெயரே இல்லை. பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃபின் தலை, சுருக்கமாக ஒரு காசுக் குறி, அவ்வளவுதான். இரண்டு பாதிக்கும் பொதுவாக ஓட வேண்டுமே! 1871இல் ஹங்கேரி தனியாக வெளியிட ஆரம்பித்தது. எனக்கு இந்தப் பகுதியில் பிடித்தது கான்ஸ்டான்டிநோபிள், ஸ்மிர்னா போன்ற ஓட்டோமான் நகரங்களில் ஆஸ்திரியா நடத்திய தபால் நிலையங்கள். இத்தாலிய மாகாணங்களுக்கென்று வந்த சோல்டி காசு, அந்த மாகாணங்கள் போன பிறகும் அங்கே தபால்தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

போஸ்னியாவுக்கு ஒரு முழுப் பக்கம். 1878 பெர்லின் மாநாட்டுக்குப் பிறகு அதை ஆஸ்திரியா-ஹங்கேரி ஆக்கிரமித்தது. அது உனக்கா எனக்கா என்று ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் முடிவு செய்ய முடியாமல் இருவருக்கும் பொதுவான நிதி அமைச்சகத்தின் கீழ் வைத்தார்கள். 1908இல் முறைப்படி இணைத்துக்கொண்ட பிறகும் தபால்தலையில் ‘ராணுவத் தபால்’ என்றே அச்சாகிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் ஆண்ட ஊரில் தபாலை ராணுவம் நடத்துகிறது என்றால் அந்த ஆட்சி எவ்வளவு ஆழம் ஊன்றியிருக்கும்? 1917 ஜூன் 28 அன்று பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கும் அவர் மனைவி சோஃபிக்கும் நினைவுத் தபால்தலை வெளியிட்டார்கள். அவர்கள் சரயேவோவில் சுடப்பட்டதன் மூன்றாம் ஆண்டு அது. வெளியிட்ட பேரரசு அதற்குப் பிறகு ஒன்றரை வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அடுக்க ஆரம்பித்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று போர்க்காலப் பக்கங்களில் தெரிந்தது. ராணுவத் தபாலுக்காக 1915இலிருந்து வந்தவற்றை வரிசைப்படுத்தினால் முதலில் செர்பியா, அடுத்து மொண்டெனேகுரோ, ருமேனியா, கடைசியாக 1918இல் இத்தாலி என்று பிடித்த இடங்களுக்கெல்லாம் தனித்தனித் தபால்தலை. ருமேனியாவுக்கு பானி காசில், இத்தாலிக்குச் சென்டெசிமியில். மிலானை இழந்து அறுபது வருடம் கழித்து அதே சென்டெசிமி! தபால்தலையை மட்டும் பார்த்தால் இந்தப் பேரரசு தன் உச்சத்தைத் தொட்டது செத்துப்போன வருடத்தில்தான். அதே 1918 ஜனவரியில் மாவு ரேஷனைக் குறைத்ததும் வியன்னாவுக்குப் பக்கத்து ஊரான வீனர் நொய்ஸ்டாட்டில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அது வியன்னாவுக்கும் பரவியது. எல்லைக்கு வெளியே நாடு நாடாகப் பிடித்துக்கொண்டிருந்தவர்களால் தலைநகருக்கு ரொட்டி கொடுக்க முடியவில்லை. பேரரசைத் தேசிய இனங்கள் உடைத்தன என்று படித்திருக்கிறோம். உடைத்தது அவர்கள்தான். ஆனால் பசி இல்லாமல் அது அந்த வேகத்தில் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, ஆல்பத்தின் நடுப்பக்கத்துக்கு வருகிறேன். 1916இல் ஹங்கேரி ஒரு சாதாரணத் தபால்தலை வெளியிட்டது: வயலில் கோதுமை அறுக்கும் உழவர்கள். சேகரிப்பவர்கள் இதை அறுவடை வரிசை என்பார்கள். வியன்னா பட்டினி கிடந்தபோது ஹங்கேரி தன் தானியத்தை அந்தப் பக்கம் தாராளமாக விடவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் இந்தப் படத்தை வேறு மாதிரி பார்க்கத் தோன்றும். 1918 அக்டோபர் கடைசியிலிருந்து அந்த நாடு துண்டு துண்டாகக் கைமாறியபோது, ஊரைப் பிடித்த ஒவ்வொருவரும் தபால் நிலையத்தையும் பிடித்தார்கள். அலமாரியில் கட்டுக்கட்டாக அறுவடைத் தபால்தலை இருந்தது. புதிதாக அச்சடிக்க நேரமும் இல்லை, காகிதமும் இல்லை. இருந்ததன் மேலேயே தங்கள் பெயரைக் குத்திவிட்டார்கள். இதற்குத்தான் ஓவர்பிரிண்ட் என்று பெயர்.

1918க்கு முந்தைய ஹங்கேரியின் எல்லைக்கோட்டை ஒரு பெரிய கெட்டித் தாளில் வரைந்து, அந்தந்த ஊருக்கு நேராக அந்த ஊரின் ஓவர்பிரிண்டை ஒட்டுகிறேன். தென்மேற்கில் ஸாக்ரெப்: ‘ஹர்வாட்ஸ்கா எஸ்.எச்.எஸ்.’, அதாவது குரோஷியா, செர்பியர்-குரோஷியர்-ஸ்லோவேனியர் நாடு. கடலோரம் ஃபியூமே துறைமுகம். கிழக்கே கிளுஜிலும் ஒராடியாவிலும் ருமேனியர்களுடையது. டெப்ரெட்சென், ருமேனிய ஆக்கிரமிப்பு. அராட், பிரெஞ்சு ஆக்கிரமிப்பு. பரன்யா, செர்பியர்கள். செகெடில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அமைந்த ‘தேசிய அரசு’. எல்லாவற்றின் அடியிலும் அதே உழவர்கள், அதே கோதுமை. வடக்கே ஸ்லோவாக்கியா இருந்த இடத்துக்கு ‘போஷ்டா செஸ்கோஸ்லோவென்ஸ்கா 1919’ கிடைத்தது; ஆனால் அது பிராகில் நிதி திரட்டுவதற்காகக் கூடுதல் விலைக்கு விற்றது. தேவைக்காகக் குத்தியவற்றோடு அதைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். ஒட்டிவிட்டேன், பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்போடு. 1920 ஜூன் 4 ட்ரியானோன் உடன்படிக்கையில், குரோஷியா நீங்கலாகச் சுமார் 2,82,000 சதுர கி.மீ. இருந்த ஹங்கேரி சுமார் 93,000 ஆகிவிட்டது. புதிய எல்லையை அதே தாளில் சிவப்பில் வரைந்தேன். செகெடும் டெப்ரெட்செனும் உள்ளே, பரன்யாவில் பெரும்பகுதி உள்ளே, மிச்சம் வெளியே, மற்ற ஊர்களெல்லாம் கோட்டுக்கு வெளியே.

நடுவில் புடாபெஸ்டுக்கு மட்டும் ஒன்று போதவில்லை. அங்கே தபால்தலைகள் மேல்நோக்கி அடுக்காகப் போகின்றன. முதலில் மன்னராட்சித் தபால்தலை. 1918 நவம்பரில் அதன் மேல் ‘குடியரசு’. கார்ல் மன்னர், ஸீட்டா ராணி முகங்களின் மேலும் அதே எழுத்தைக் குத்தினார்கள். 1919 மார்ச் 21 அன்று பேலா குன்னின் கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். அவர்கள் மார்க்ஸ், எங்கெல்ஸ் படங்களோடு தனித் தபால்தலையும் போட்டார்கள். அறுவடை மேல் ‘சோவியத் குடியரசு’ என்றும் குத்தினார்கள். ஆகஸ்டு தொடக்கத்தில் அவர்களும் போனார்கள். மிஞ்சிய கட்டுகளை வீணாக்க மனம் வராமல், 1920இல் அந்த எழுத்தின் மேல் கறுப்பில் ஒரு கோதுமைக் கட்டை அச்சடித்து மறைத்து விற்றார்கள். ஒரே ஒரு அங்குலக் காகிதத்தில் மூன்று ஆட்சி. அதன்பின் மன்னருக்குப் பதிலாக ஆளும் பொறுப்போடு ஹோர்தி வந்தார், ஹங்கேரி மறுபடியும் மன்னர் இல்லாத மன்னராட்சியானது. அறுவடைத் தபால்தலையிலும் ‘அரச தபால்’ என்ற பழைய வாசகம் திரும்பி வந்தது. இந்த அடுக்கு முழுவதற்கும் நான் கொடுத்தது ஒரு சினிமா டிக்கெட் காசுதான்.

நம் பக்கமும் இது நடந்திருக்கிறது. 1947 அக்டோபர் 1 அன்று ஆறாம் ஜார்ஜ் தலையின் மேல் ‘பாகிஸ்தான்’ என்று குத்தித்தான் அந்த நாடு தன் தபாலைத் தொடங்கியது. இந்தியாவில் ஓவர்பிரிண்ட் போடவில்லை, ஆனால் 1949 வரைக்கும் ஜார்ஜ் மன்னரை ஒட்டித்தான் பெரும்பாலும் கடிதம் போட்டோம். ஆட்சி மாறினாலும் கவுன்டரில் இருந்த ஆளும் தராசும் மாறவில்லை என்பதால்தான் இவ்வளவு சுலபமாக நடந்தது என்று தோன்றுகிறது. பணத்தாளிலும் இதே கதை. ஆஸ்திரிய-ஹங்கேரி வங்கியின் குரோனே நோட்டுகள்மேல் செக்கோஸ்லோவாக்கியா 1919 தொடக்கத்தில் நிஜமாகவே ஒரு சிறிய ஸ்டாம்பை ஒட்டியது, ஆஸ்திரியா சிவப்பில் ‘டொய்ச்-ஓஸ்டர்ரைஷ்’ என்று அச்சடித்தது. நோட்டுச் சேகரிப்பில் நான் இறங்கவில்லை, கை கடிக்கும்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஓவர்பிரிண்ட்டில் போலி மலிந்து கிடக்கிறது. அடியில் இருப்பது அசல் தபால்தலை, மேலே இருக்கும் எழுத்து மட்டும் போலி என்பதால் காகிதத்தையோ துளைகளையோ பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் முதலில் தபால் முத்திரையைப் பார்ப்பேன். பூதக்கண்ணாடியில் முத்திரை மையின் மேல் ஓவர்பிரிண்ட் மை உட்கார்ந்திருந்தால் அது பின்னால் குத்தியது. முத்திரையில் 1917 என்று தேதி, மேலே 1919 ஓவர்பிரிண்ட் என்றால் பேசவே வேண்டாம். ஊர்ப் பெயர் மட்டும் சந்தேகத்துக்குக் காரணமாகாது. கைமாறிய ஊர்களில் பழைய ஹங்கேரிய முத்திரைக் கட்டையை மாதக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறார்கள். முத்திரை விழாத புதுத் தபால்தலைகளில் எழுத்தின் வடிவத்தைக் கேட்டலாக் படத்தோடு ஒப்பிட வேண்டும், அதில் நான் இன்னும் தேறவில்லை. சிவப்பு மை இருந்தால் தண்ணீரில் நெடுநேரம் ஊறவிடாதீர்கள்.

இன்னும் பாக்கி இருப்பவை: செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த பிராக் கோட்டை வந்துவிட்டது. அதில் கோட்டைக்குப் பின்னால் சூரியனைப் போட்டிருப்பார், அந்தக் கோணத்தில் அங்கே சூரியன் உதிக்காது என்று ஊர்க்காரர்கள் கிண்டல் செய்ய, பிறகு வந்தவற்றில் சூரியனை எடுத்துவிட்டார்கள். சங்கிலி அறுக்கும் ஸ்லோவேனியத் தபால்தலைகள் பாதி. 1918 நவம்பரில் ல்விவில் ஆஸ்திரியத் தபால்தலை மேல் மேற்கு உக்ரைன் குத்தியவை என் விலைக்கு எட்டாது, அந்த இடத்தில் படத்தை ஒட்டிவிடப் போகிறேன்.

ஃபியூமேதான் தொல்லை. 1918 டிசம்பரில் அறுவடை மேல் ஓவர்பிரிண்ட், 1919 செப்டம்பரில் இத்தாலியக் கவிஞர் டனுன்ஸியோ படையோடு நுழைந்து தன் முகத்தையே தபால்தலையில் போட்டுக்கொள்கிறார், அப்புறம் சுதந்திர நகரம், 1924இல் இத்தாலியோடு இணைப்பு, அதற்கும் ஓவர்பிரிண்ட். வரைபடத்தில் ஒரு புள்ளியளவு இடம்தான் அதற்கு இருக்கிறது. அதைத் தனித் தாளாகப் பிரித்து நடுப்பக்கத்துக்குப் பின்னால் செருகலாம் என்று இருக்கிறேன். கெட்டித் தாள் வாங்க வேண்டும்.